இலங்கை வானில் ‘சீரோ’

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த மணியோடர் அதோடு நின்றது. மலாயாவின் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் றப்பர்த் தோட்டங்களின் கணக்கு மேசைகளிலும் இருந்தவர்கள் இந்தக் குடாநாட்டின் பிள்ளைகள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று எழுதிக் கேட்கவும் வழியில்லாமல் போனது. சரியாக ஏழு கிழமை கழித்து, ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. உயிர்த்த ஞாயிறு என்றதும் இன்று நமக்கு 2019இன் குண்டுத் தாக்குதல்களின் துயரம்தான் நினைவில் எழும். ஆனால் அந்தப் பெயரில் இலங்கை சந்தித்த முதல் தாக்குதல் 1942இல் நடந்தது. கொழும்பில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவர்கள் பலர் குடும்பங்களை ஊருக்கு றெயில் ஏற்றி அனுப்பியது அந்த நாட்களில்தான்.

அன்று வந்த விமானங்களில் ஒன்றின் பெயர் உலகம் முழுவதும் பரவியது. மிட்சுபிஷி நிறுவனம் ஜப்பானியக் கடற்படைக்காகக் கட்டிய ஏ6எம்2 என்னும் சண்டை விமானம் அது. ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 2600ஆம் ஆண்டான 1940இல் சேவைக்கு எடுக்கப்பட்டதால், கடைசி இலக்கத்தை வைத்து அதைப் ‘பூச்சிய வகை’ என்றார்கள். ‘சீரோ’ என்ற பெயர் அப்படி வந்தது.

மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் தலைக்கு மேலே பறந்த ஜப்பானியச் சண்டை விமானங்களை எல்லாம் சீரோ என்றே சொன்னார்கள். அங்கே பெரும்பாலும் பறந்தது தரைப்படைக்குச் சொந்தமான ‘ஹயபுசா’. இரண்டும் ஒரே குடும்பத்து இயந்திரத்தில் ஓடியவை, தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிபவை. பிரிட்டிஷ் விமானிகளே மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்தவைதான் சந்தேகமற்ற சீரோக்கள். அதனால் சீரோவின் திறனை எடைபோட நம் தீவின் வானம் மிகப் பொருத்தமான இடம். அதன் பலம் முழுவதும் இங்கே தெரிந்தது. பலவீனமும் இங்கேயே தெரிந்தது, ஆனால் அப்போது அதைக் கவனித்தவர் குறைவு.

குறைக்கப்பட்ட ஒவ்வொரு கிராம்

1937இல் ஜப்பானியக் கடற்படை விமான நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தது. 4,000 மீற்றர் உயரத்தில் மணிக்கு 500 கிலோமீற்றர் வேகம் வேண்டும். மேலதிகத் தாங்கியோடு ஆறு முதல் எட்டு மணிநேரம் வானில் நிற்க வேண்டும். இரண்டு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் வேண்டும். கப்பலின் குறுகிய தளத்திலிருந்து எழவும் இறங்கவும் வேண்டும். அதற்கு மேல், பழைய இலகு விமானங்களைப் போலச் சுழன்று திரும்பவும் வேண்டும். இவையெல்லாம் ஒரே விமானத்தில் முடியாது என்று நகாஜிமா நிறுவனம் போட்டியிலிருந்து விலகியது. மிட்சுபிஷியின் இளம் பொறியியலாளர் ஜிரோ ஹொரிகோஷி ஏற்றுக்கொண்டார்.

அவர் கையில் இருந்த இயந்திரம் பெரியதல்ல. ஏ6எம்2இல் பூட்டிய ‘சகாயே’ என்ற 14 உருளை இயந்திரம் தந்தது சுமார் 940 பரிவலு. அதே காலத்து ஐரோப்பிய இயந்திரங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. வலு போதாத இடத்தில் எடையைக் குறைப்பது ஒன்றே வழி. சுமிட்டோமோ நிறுவனம் அப்போதுதான் உருவாக்கியிருந்த, துத்தநாகம் கலந்த புதிய அலுமினியக் கலப்புலோகத்தை ஹொரிகோஷி சிறகின் முதுகுத்தண்டான உத்திரத்துக்குப் பயன்படுத்தினார். பலம் கூடியது, கனம் குறைந்தது. சிறகைத் தனியாகச் செய்து உடலில் பூட்டினால் பூட்டுமிடத்தில் பாரமான இணைப்புகள் தேவைப்படும். ஆகவே சிறகையும் உடலின் நடுப்பகுதியையும் ஒன்றாகவே கட்டினார். உள்ளே இருந்த தகடுகளில், பலம் கெடாத இடமெல்லாம் வட்டத் துளை போட்டார். கணிப்பில் பொறியியலாளர்கள் கூட்டிவைக்கும் பாதுகாப்புக் காரணியைக்கூடச் சில உறுப்புகளுக்கு 1.8இலிருந்து 1.6ஆகக் குறைக்க வாதாடினார்.

அவருடைய வேலைகளில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வால்புற உயர்த்தியை இயக்கும் வடத்தை வேண்டுமென்றே சற்று நெகிழ்வானதாக வைத்தார். மெதுவாகப் பறக்கும்போது வடம் நீளாது; விமானியின் கை அசைவு முழுவதும் வாலுக்குப் போய்ச் சேரும். வேகமாகப் பறக்கும்போது காற்றின் அழுத்தத்தில் வடம் கொஞ்சம் நீளும், அசைவு தானாகக் குறையும். இதனால் எந்த வேகத்திலும் விமானிக்குக் கையில் ஒரே உணர்வு. கணினி இல்லாத காலத்தில் ஒரு கம்பியின் நீட்சியை வைத்தே இதைச் செய்த மூளைக்கு மரியாதை செலுத்தத்தான் வேண்டும்.

முதல் விமானம் நகோயாத் தொழிற்சாலையில் உருவானது. பக்கத்தில் ஓடுதளம் இல்லை, றோட்டும் மோசம். பாகங்களாகக் கழற்றி மாட்டு வண்டிகளில் ஏற்றி, சுமார் 48 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ககமிகஹாரா தளத்துக்குக் கொண்டுபோனார்கள். 1939 ஏப்ரல் 1ஆம் திகதி அங்கே அது முதன்முதலாகப் பறந்தது. பின்னர் நடந்த பரிசோதனைகளில் இரண்டு விமானங்கள் வானிலேயே சிதறி, 1940இலும் 1941இலும் ஒவ்வொரு விமானி இறந்தார். எடையை எல்லைவரை குறைத்த விமானம், பாய்ந்து இறங்கும் வேகத்தில் அதிர்ந்து உடைந்தது. திருத்தங்கள் செய்தார்கள். ஆனாலும் வேகப் பாய்ச்சலுக்கு அஞ்சும் குணம் அதன் உடம்பில் கடைசிவரை தங்கிவிட்டது.

வட்டத்தின் கணக்கு

உயர்தர இணைந்தகணிதம் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வானில் வட்டமாகத் திரும்பும் விமானத்தைச் சிறகின் உயர்த்துவிசைதான் வளைத்து இழுக்கிறது. ஒவ்வொரு சதுர மீற்றர் சிறகும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதே இங்கே முக்கியம். அந்தச் சுமை குறைந்தால் வட்டம் சிறுக்கும். சீரோவின் பறப்பு எடை சுமார் 2,410 கிலோகிராம், சிறகின் பரப்பு 22.44 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 107 கிலோகிராம் வருகிறது. இலங்கையைக் காத்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் இரண்டாம் வகை சுமார் 3,480 கிலோகிராம், சிறகு 24 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 145 கிலோகிராம். சிறகுகளின் வடிவத் திறன் சமம் என்று எளிமைப்படுத்தி வைத்துக்கொண்டால், ஹரிக்கேனுக்கு 240 மீற்றர் ஆரை தேவைப்படும் இடத்தில் சீரோ சுமார் 177 மீற்றரில் திரும்பிவிடும். இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சுற்றினால் சில சுற்றுகளில் சீரோ பின்னால் வந்து நிற்கும். பின்னால் வந்தவனே சுடுவான்.

வலுவின் கணக்கும் வியப்பானது. ஹரிக்கேனின் மேர்லின் இயந்திரம் 1,280 பரிவலு. எடையால் வகுத்தால் கிலோகிராமுக்கு 0.37. சீரோவுக்கு 0.39. நாலில் ஒரு பங்குக்கு மேல் வலுக் குறைந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டே ஜப்பானியர் முந்தியிருந்தார்கள். நேர்கோட்டு வேகத்தில் ஹரிக்கேன் ஏட்டளவில் சற்று விஞ்சியது. ஆனால் பாலைவனத்துக்கென்று மூக்கின் கீழ் பொருத்திய பெரிய தூசு வடிகட்டி அந்த மேன்மையையும் தின்றது.

எட்டும் தூரத்தில் சீரோவுக்கு அன்று போட்டியே இல்லை. வயிற்றின் கீழ் 330 லீற்றர் கழற்றும் தாங்கியோடு அது சுமார் 3,100 கிலோமீற்றர் பறக்கும். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,780 கிலோமீற்றர். ஒற்றை இயந்திரச் சண்டை விமானம் அவ்வளவு தூரம் போகும் என்பதைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் நம்பவேயில்லை. 1940 செப்டெம்பர் 13இல் சீனாவின் சோங்சிங் வானில் 13 சீரோக்கள் ஒன்றையும் இழக்காமல் சீன விமானங்களைச் சூறையாடியபோதே செய்தி மேற்கே போய்ச் சேர்ந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. ஆசியர் இப்படியொன்றைக் கட்டுவார்களா என்ற இளக்காரமும் அதில் கலந்திருந்தது. அதற்கான விலையை இலங்கையில் கொடுத்தவர்கள் இருபது வயது விமானிகள்.

ஏப்ரல் 5

ஏப்ரல் 4 மாலை, கொக்கலவிலிருந்து கிளம்பிய கனடியக் கற்றலினா விமானம் தீவுக்குத் தென்கிழக்கே கடலில் ஒரு பெருங் கப்பற்படையைக் கண்டது. விமானி லெனர்ட் பேர்ச்சல். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோக்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. பேர்ச்சலும் உயிர்தப்பிய தோழர்களும் கைதானார்கள். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கொண்ட அட்மிரல் நகுமோவின் படை வந்துகொண்டிருப்பது அந்தச் செய்தியால் தெரியவந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன் 36 சீரோக்களும் 91 குண்டுவீச்சு விமானங்களும் கொழும்பை அடைந்தன. தலைமை தாங்கியவர் பேர்ள் துறைமுகத் தாக்குதலையும் நடத்திய மிட்சுவோ ஃபுச்சிடா. முதல் நாளே எச்சரிக்கை வந்திருந்தும், ராடர் அந்தக் காலையில் உரிய நேரத்தில் எதையும் சொல்லவில்லை. ரத்மலானையில் ஹரிக்கேன்கள் ஓடுதளத்திலிருந்து எழும்பிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் தொடங்கிவிட்டது. குதிரைப் பந்தயத் திடலில் அவசரமாக அமைத்த ஓடுதளத்திலிருந்து 258ஆவது அணி எழுந்தது. எழுந்த சுமார் 40 சண்டை விமானங்களில் ஏறத்தாழ பாதி அழிந்தது. இன்னுமொரு அவலம் நடந்தது. திருகோணமலையிலிருந்து டோர்பிடோக்களோடு வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள், துணி போர்த்திய ஈரடுக்குச் சிறகு விமானங்கள், சீரோக்களின் வழியில் அகப்பட்டன. ஆறும் வீழ்ந்தன. ஜப்பானியர் இழந்தவை ஏழு; அவற்றில் சீரோ ஒன்றே ஒன்று.

இதை முழுவதும் சீரோவின் திறமை என்று எழுதிவிடக் கூடாது. தரையிலிருந்து மெதுவாக ஏறும் விமானத்தை மேலிருந்து வரும் எந்த எதிரியும் அடிப்பான். ஆனாலும் உயரே போய்ச் சேர்ந்தவர்களும் தோற்றார்கள். ரத்மலானையிலிருந்த 30ஆவது அணி மத்தியதரைக் கடற்போரிலிருந்து வந்தது. ஜெர்மன், இத்தாலிய விமானங்களோடு வட்டமிட்டுச் சண்டை பிடித்த பழக்கத்தில், அதே வித்தையைச் சீரோவிடம் காட்டப் போனவர்களுக்கு மேலே சொன்ன ஆரைக் கணக்கு எமனானது. சீனாவில் அமெரிக்கத் தொண்டர் விமானிகளை வழிநடத்திய கிளயர் செனோல்ட், ஜப்பானிய விமானத்தோடு ஒருபோதும் சுற்றாதே, மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு ஓடு என்று ஏற்கனவே கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாடம் கொழும்பு விமானிகளின் கையில் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 9: இரண்டு காட்சிகள்

நாலு நாள் கழித்துத் திருகோணமலை. இம்முறை ராடர் நேரத்தோடு சொன்னது. அங்கிருந்த சீனன்குடாத் தளத்திலிருந்து 17 ஹரிக்கேன்கள் எழுந்து உயரம் பிடித்தன. எட்டு வீழ்ந்தன. எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், தன் விமானங்கள் இல்லாத நிலையில், 307 பேரோடு மூழ்கியது. சீனன்குடாவிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 186 கிலோமீற்றர். சீரோவின் சாதாரணப் பயண வேகத்துக்கு அரை மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூட. குடாநாட்டின் மீது குண்டு விழாதது தூரத்தால் அல்ல. அன்று இங்கே அவர்கள் தேடிவந்த கப்பல் இருக்கவில்லை.

அதே நாளின் இரண்டாவது காட்சி புத்தகங்களில் ஓரிரு வரிதான் பெறும். எனக்கு இதுவே முக்கியமானது. கொழும்புப் பந்தயத் திடலிலிருந்து சென்ற ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், நகுமோவின் கப்பல்களுக்கு நேர் மேலே, யாரும் காணாமல் போய்ச் சேர்ந்தன. கொடிக் கப்பலான அக்காகிக்கு அருகே கடலில் குண்டுகள் விழுந்து நீர் எழும்பியபோதுதான் ஜப்பானியருக்கு விஷயம் தெரிந்தது. கப்பல்களில் ராடர் இல்லை. மேலே காவல் பறந்த சீரோக்களின் வானொலி இரைச்சல் மிக்கது, நம்ப முடியாதது. எடையைக் குறைக்க அதைக் கழற்றி எறிந்த விமானிகளும் உண்டு. எதிரி வருவதைக் கண்ணால் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிறகு சீரோக்கள் துரத்திச் சென்றன. ஒன்பதில் ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை.

சரியாக எட்டுக் கிழமைக்குப் பிறகு, ஜூன் 4இல், மிட்வே தீவருகே இதே காட்சி திரும்ப நடந்தது. இம்முறை மேலிருந்து வந்தவர்கள் அமெரிக்கர், குண்டுகள் பட்டன. இலங்கைக்கு வந்த அக்காகியும் சோர்யூவும் ஹிர்யூவும், கூடவே காகாவும் அழிந்தன. வானத்தில் சீரோக்கள் இருந்தன. தாழப் பறந்துவந்த டோர்பிடோ விமானங்களை அடிப்பதில் மூழ்கி, உச்சியைக் கவனிக்காமல் விட்டுவிட்டன. இலங்கைக் கடலில் கிடைத்த எச்சரிக்கையை வெற்றிக் களிப்பில் படிக்காமல் விட்டதன் விளைவு அது.

றப்பர் இல்லாத தாங்கி

சீரோவின் பெரிய குறை அதன் பெற்றோல் தாங்கியில் இருந்தது. நேச நாட்டு விமானங்களில் தாங்கியைச் சுற்றிப் பக்குவப்படுத்தாத றப்பர் படலம் இருக்கும். சன்னம் துளைத்தால் பெற்றோல் கசியும். பெற்றோல் பட்ட றப்பர் ஊதிப் பெருத்துத் துளையை அடைத்துவிடும். சீரோவில் இது கிடையாது. விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடும் கிடையாது. இரண்டையும் வைத்தால் கனம் கூடும், கனம் கூடினால் கடற்படை கேட்ட தூரமும் வட்டமும் கிடைக்காது. நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்கெழுதிய மலாயத் தோட்டங்களைப் பிடித்து, உலகின் பெரும்பங்கு றப்பரைக் கையில் வைத்திருந்த ஜப்பான், தன் விமானியைச் சுற்றி ஓர் அங்குல றப்பரும் வைக்கவில்லை. மலாயா போனபின் நேச நாடுகளின் இயற்கை றப்பருக்கு இலங்கையே பிரதான ஊற்றானது.

இந்தக் குறைகளை அமெரிக்கர் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு 1942 ஜூலையில் கிடைத்தது. டடயோஷி கோகா என்ற விமானி, அலாஸ்காவின் அக்குட்டான் தீவுச் சதுப்பில் இறங்க முயன்று, விமானம் கவிழ்ந்து இறந்திருந்தார். அதிகம் சேதமில்லாத அந்தச் சீரோவைத் திருத்தி, செப்டெம்பரில் சான் டியகோவில் பறக்கவிட்டார்கள். மணிக்கு 370 கிலோமீற்றரைத் தாண்டியதும் சிறகோரத் துடுப்புகள் இறுகி, உருள்வது கடினமானது. வலப்பக்கம் உருள்வது இன்னும் கடினம். மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் எரிபொருள் பாயாமல் இயந்திரம் தடுமாறியது. ஆக, சீரோ பின்னால் வந்தால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் உருண்டு விலகு. விமானிகளுக்கான அறிவுறுத்தல் அவ்வளவு எளிதாகச் சுருங்கியது. இந்த விமானத்தைப் பார்த்துத்தான் அமெரிக்கர் ஹெல்கட் என்ற சண்டை விமானத்தை வடிவமைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஹெல்கட்டின் முதல் மாதிரி 1942 ஜூன் 26இல், கோகாவின் விமானம் கண்டெடுக்கப்படுவதற்கு முன்பே பறந்துவிட்டது.

ஹெல்கட் 2,000 பரிவலு இயந்திரம் கொண்டது, கவசமும் றப்பர்த் தாங்கியும் உடையது, சீரோவைப் போல இரு மடங்குக்கு மேல் கனம். அதைப் போலச் சிறு வட்டத்தில் சுற்றாது. சுற்றத் தேவையும் இல்லை. சீரோவுக்கோ சிறிய இயந்திரத்தைச் சுற்றியே உடம்பு கட்டப்பட்டிருந்தது. 1943இல் வந்த மாதிரிக்குக் கிடைத்த இயந்திரம் 1,130 பரிவலு, வேகம் மணிக்குச் சுமார் 565 கிலோமீற்றர். பெருமைக்குரிய நீண்ட தூரமும் விமானிகளைக் கொன்றது. பசிபிக்கில் ரபாவுல் தளத்திலிருந்து குவாடல்கனால் தீவுக்கு ஒருவழி சுமார் 1,040 கிலோமீற்றர், நம் தீவின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். போய்ச் சண்டை பிடித்து, காயத்தோடு அதே தூரம் திரும்ப வேண்டும். இலங்கைக்கு வந்த தேர்ந்த தலைமுறை அப்படிக் கரைந்தது. அடுத்து வந்தவர்களுக்குப் பயிற்சியளிக்க நேரமும் இல்லை, பெற்றோலும் இல்லை.

1944 ஏப்ரல் 19இல், திருகோணமலையிலிருந்து புறப்பட்ட சரட்டோகா, இலஸ்ட்ரியஸ் ஆகிய விமானந்தாங்கிகளின் ஹெல்கட்டுகளும் கோர்செயார்களும் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. ஜப்பானியச் சண்டை விமானங்கள் அவற்றைத் தடுக்கவில்லை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் அமைத்த தளத்திலிருந்து நெடுந்தூர லிபரேற்றர் விமானங்கள் வங்காள விரிகுடாவில் ரோந்து போயின. அந்த ஓடுதளத்தில்தான் 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் பயணிகள் விமானம், ரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், இறங்கிப் புறப்பட்டது.

மொத்தம் சுமார் 10,900 சீரோக்கள் கட்டப்பட்டன. கடைசி மாதங்களில் அவற்றில் பல, திரும்பிவராத தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. அந்தப் போரின் தலைசிறந்த சண்டை விமானம் சீரோ என்று இன்றும் எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. 1942 ஏப்ரலில், இலங்கை வானில், அது தலைசிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அப்படிச் சொல்ல முடியாது. வெற்றி விரைவில் வந்துவிடும் என்ற எண்ணத்தில், உள்ளே இருந்த மனிதனைக் கணக்கில் எடுக்காமல் கட்டிய விமானம் அது.